பேஸ்மென்ட் நனையாமல் இருக்க: சம்ப் பம்ப் வாங்குவதற்கு முன்னும் பின்னும்

எத்தனை ஹெச்பி பம்ப் வாங்கலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் குழியில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஊறுகிறது, அதை எத்தனை மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும் என்ற இரண்டு எண்களும் கையில் இல்லாமல் கடைக்குப் போனால், அங்கே ஸ்டாக்கில் எது இருக்கிறதோ அதுதான் உங்கள் வீட்டுக்குப் பொருத்தமான பம்ப் ஆகிவிடும்.

சம்ப் என்றதும் பலருக்குக் குடிநீர் சேமிக்கும் தரையடித் தொட்டிதான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது அதுவல்ல. பேஸ்மென்ட் தரையில் இருப்பதிலேயே தாழ்வான இடத்தில் தோண்டி, மண்ணிலிருந்து ஊறி வரும் தண்ணீரை வேண்டுமென்றே வந்து சேர விடும் குழி இது. நன்றாகக் கட்டிய வீடுகளில் அஸ்திவாரத்தைச் சுற்றி ஜல்லிக்குள் துளையிட்ட பைப் ஓடும். அது இந்தக் குழியில் வந்து முடியும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் பேஸ்மென்ட் தரைக்கு மேலே ஏறப் பார்க்கும்போது, தண்ணீர் சுவரை முட்டாமல் சுலபமான வழியாகக் குழிக்கு வந்துவிடுகிறது, பம்ப் அதை வெளியே தள்ளுகிறது. வெளியே நீர்மட்டம் உங்கள் தரையைவிட வெறும் 30 செ.மீ. உயர்ந்தால்கூட, தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் கீழிருந்து 300 கிலோ எடைக்குச் சமமான விசை தூக்கும். வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்து இதை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

இன்னொன்று: தொட்டியிலிருந்து மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோனோபிளாக் மோட்டாரை இங்கே கொண்டுவந்து வைக்காதீர்கள். அது நல்ல தண்ணீருக்கானது. மண்ணும் சிறு கல்லும் கலந்த தண்ணீர் இங்கே வரும், தானாக ஆன் ஆகி ஆஃப் ஆகவும் வேண்டும், தண்ணீரில் மூழ்கினாலும் தாங்க வேண்டும்.

முதலில், பம்ப் வேண்டுமா?

சுவரில் ஈரம் இருந்தால் அது வெளியிலிருந்து வரும் கசிவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வெப்பமான காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வியர்ப்பதாலும் அப்படி ஆகும். இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லாத சோதனை ஒன்று உண்டு. அரை மீட்டர் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் முன்பக்கம் நனைந்திருந்தால் அது வியர்வை. காற்றோட்டமோ, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹ்யூமிடிஃபையரோ போதும். பின்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் கசிவு.

கசிவுதான் என்றாலும் மழை பெய்யும்போது ஒரு தடவை குடையோடு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால் 2500 லிட்டர் தண்ணீர். அதை இறக்கும் குழாய் சுவரோரத்திலேயே கொட்டினால், அத்தனையும் பேஸ்மென்ட்டுக்குத்தான் வரும், நீங்கள் மின்சாரம் செலவழித்து அதை மறுபடி வெளியே தள்ளிக்கொண்டிருப்பீர்கள். கூரைக் குழாயை நீட்டி விடுவதும், சுவரிலிருந்து 3 மீட்டர் தூரத்துக்குள் மண் 15 செ.மீ. அளவாவது சரிந்து இறங்கும்படி மேடு போடுவதும் பல வீடுகளில் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் பம்ப்.

ஊற்றை அளப்பது

இந்த வேலையை நல்ல மழை நாளில்தான் செய்ய முடியும், காய்ந்த நாளில் அளந்தால் பொய்க்கணக்குதான் வரும். குழி ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பம்ப் இருந்தால் அதை நிறுத்துங்கள். குழிக்குள் ஒரு அளவுகோலை நிறுத்தி, ஒரு நிமிடத்தில் நீர்மட்டம் எத்தனை செ.மீ. ஏறுகிறது என்று பாருங்கள். மூன்று தடவை பார்த்து அதிகமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வட்டக் குழி என்றால் விட்டத்தை செ.மீ.யில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் ஒரு செ.மீ. உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். பரவலாக இருக்கும் 45 செ.மீ. குழிக்கு இது ஏறக்குறைய 1.6 லிட்டர். நிமிடத்தில் 10 செ.மீ. ஏறினால் 16 லிட்டர், மணிக்கு 960 லிட்டர். இதை இரண்டால் பெருக்குங்கள், ஏனென்றால் நீங்கள் அளந்த மழைதான் இனி வரப்போவதிலேயே பெரிய மழை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆக, மணிக்குச் சுமார் 2000 லிட்டர் வேண்டும்.

குழியே இல்லாத வீட்டில் இந்த அளவு கிடைக்காது. அங்கே குழியை முதலில் தோண்டி, ஒரு தற்காலிகப் பம்ப்பை வைத்து ஒரு மழையைப் பார்த்துவிட்டு, பிறகு நிரந்தரமானதை வாங்குவது நல்லது. அந்தத் தற்காலிகப் பம்ப் வீண் போகாது, பின்னால் மாற்றுப் பம்ப்பாக வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு உயரம்?

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் ஹெட் பூஜ்யத்தில், அதாவது தண்ணீரைக் கொஞ்சமும் உயர்த்தாமல் ஓடவிட்டபோது வருவது. உங்கள் வீட்டில் அது வராது. பெட்டியின் ஓரத்திலோ கையேட்டிலோ ஒரு வளைகோட்டுப் படமோ அட்டவணையோ இருக்கும், 1 மீட்டரில் இவ்வளவு, 3 மீட்டரில் இவ்வளவு, 5 மீட்டரில் இவ்வளவு என்று. நீங்கள் பார்க்க வேண்டியது அது மட்டும்தான். அது இல்லாத பம்ப்பை வாங்க வேண்டாம்.

உங்கள் ஹெட் எவ்வளவு? பம்ப் ஆஃப் ஆகும் நீர்மட்டத்திலிருந்து பைப் ஏறும் உச்சி வரை நேர் உயரத்தை அளந்து, அதோடு பைப்புக்குள் ஏற்படும் உராய்வைக் கூட்டுங்கள். ஒரு உதாரணம்: தரைக்குக் கீழே 60 செ.மீ.யில் நீர்மட்டம், தரைக்கு மேலே 2.2 மீட்டரில் பைப் சுவரைத் துளைத்து வெளியேறுகிறது, ஆக 2.8 மீட்டர். பைப்பின் மொத்த நீளம் 8 மீட்டர், நான்கு எல்போ, அதாவது பைப் திரும்பும் வளைவுகள். 38 மி.மீ. பைப்பில் ஒரு 90 டிகிரி எல்போ கிட்டத்தட்ட 1.2 மீட்டர் நேர்ப் பைப்புக்குச் சமம், அதனால் நான்கும் சேர்ந்து 4.8 மீட்டர். மொத்தம் 13 மீட்டர் என்று வையுங்கள். அந்தப் பைப்பில் நிமிடத்துக்கு 100 லிட்டர் ஓடினால் மீட்டருக்குச் சுமார் 6 செ.மீ. உயரம் உராய்வில் போகும், அதாவது 80 செ.மீ. 2.8-உம் 0.8-உம் 3.6, தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வுக்கும் சேர்த்து 4 மீட்டர் என்று முடித்துக்கொள்ளலாம்.

இப்போது கேள்வி தெளிவாகிவிட்டது: 4 மீட்டர் ஹெட்டில் மணிக்கு 2000 லிட்டராவது தள்ளும் பம்ப் எது? 3 மீட்டர் ஹெட்டிலேயே மணிக்கு 6000 லிட்டருக்கு மேல் தள்ளும் 1/3 ஹெச்பி பம்ப்புகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே தாராளம். 1/2 ஹெச்பிக்கு மேல் போகிறவர்கள் ஒன்று நிஜமாகவே ஊற்றின் மேல் வீடு கட்டியிருக்க வேண்டும், அல்லது யாரோ பயமுறுத்தியிருக்க வேண்டும்.

பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று பைப்பை மட்டும் சிறிதாக்கிவிடாதீர்கள். 38 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 32 மி.மீ. போட்டால் அதே ஓட்டத்துக்கு உராய்வு இரண்டு மடங்கைத் தாண்டும்.

எந்த வகை

இரண்டு வகை. பெடஸ்டல் பம்ப்பில் மோட்டார் ஒரு கம்பத்தின் உச்சியில் தண்ணீருக்கு மேலே நிற்கும், சத்தம் போடும், ஆனால் பழுது பார்ப்பது எளிது, குறுகலான குழியிலும் நிற்கும். சப்மெர்சிபிள் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும். சத்தம் குறைவு, சுற்றியிருக்கும் தண்ணீரே மோட்டாரைக் குளிர்விக்கிறது, குழியை மூடி போட்டு அடைக்கவும் முடிகிறது. பேஸ்மென்ட்டில் ஆள் புழங்குவார்கள் என்றால் சப்மெர்சிபிள்தான் என் தேர்வு.

உடல் வார்ப்பிரும்பா பிளாஸ்டிக்கா என்று கேட்டால், வார்ப்பிரும்பு. வெப்பத்தை வேகமாகத் தண்ணீருக்குக் கடத்தும், கனமாக இருப்பதால் ஸ்டார்ட் ஆகும் உதறலில் இடம் நகராது. தண்ணீரில் உப்போ அமிலத்தன்மையோ அதிகமென்றால் மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ நல்ல பிளாஸ்டிக்கோ பாருங்கள். இம்பெல்லர், அதாவது சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம், 10 மி.மீ. அளவு கல் அடைக்காமல் வெளியேறும்படி இருப்பது நல்லது. அடியில் சல்லடை வைத்த பம்ப்பில் அந்தச் சல்லடைதான் முதலில் அடைக்கும்.

மிதவை: பம்ப்பைவிட இதை நன்றாகப் பாருங்கள்

நீர்மட்டத்தோடு ஏறி இறங்கி பம்ப்பை ஆன், ஆஃப் செய்வது மிதவை. மோட்டார் கருகி நின்ற பம்ப்பைவிட, மிதவை எங்கோ மாட்டிக்கொண்டு நின்ற பம்ப்புகள்தான் அதிகம். என் வீட்டில் நடந்ததும் அதுவேதான். ஒயரில் தொங்கும் மிதவை, பம்ப் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று நகர்ந்ததில் குழிச் சுவருக்கும் பைப்புக்கும் நடுவில் செருகிக்கொண்டது. காலையில் கீழே போனால் கணுக்கால் அளவு தண்ணீர், பம்ப் புத்தம் புதிது, தட்டிவிட்டதும் ஓடுகிறது!

ஒயரில் தொங்கும் மிதவை மலிவு, ஆனால் அது வீசி ஆட அகலமான இடம் வேண்டும், குறுகலான குழிக்கு அது சரிப்படாது. கம்பியில் நேராக ஏறி இறங்கும் செங்குத்து மிதவைக்கு இடம் குறைவாகப் போதும். எலக்ட்ரானிக் சென்சாரில் அசையும் பாகம் இல்லை என்றாலும் சேறு படிந்தால் குழம்பும். எதை வாங்கினாலும், மிதவையின் பிளக்குக்குப் பின்னாலேயே பம்ப்பின் பிளக்கைச் செருகும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மிதவை செத்தால் பம்ப்பை நேராகச் சுவிட்ச்போர்டில் செருகி ஓட்டலாம், மிதவையை மட்டும் தனியாக மாற்றலாம்.

ஆன் ஆகும் மட்டத்துக்கும் ஆஃப் ஆகும் மட்டத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்பதை யாரும் கவனிப்பதில்லை. மேலே சொன்ன குழியில் இடைவெளி 15 செ.மீ. என்றால் ஒவ்வொரு தடவையும் 24 லிட்டர்தான். நிமிடத்துக்கு 16 லிட்டர் ஊறும்போது ஒன்றரை நிமிடத்தில் நிரம்பும், நிமிடத்துக்கு 150 லிட்டர் தள்ளும் பம்ப் பதினோரு விநாடியில் காலி செய்துவிடும், மறுபடி நிரம்பும். மணிக்கு 36 ஸ்டார்ட்! மோட்டார் அதிகம் சூடாவது ஸ்டார்ட் ஆகும்போதுதான். இன்னும் பெரிய பம்ப் போட்டால் ஓடும் நேரம்தான் சுருங்கும், ஸ்டார்ட் குறையாது. இடைவெளியை 25 செ.மீ. ஆக்கினால் அதே மழையில் 21 ஸ்டார்ட்டுக்கு இறங்கிவிடும். அதற்கு ஆழமான அல்லது அகலமான குழி வேண்டும், அதனால் குழியில் கஞ்சத்தனம் வேண்டாம். குறைந்தது 45 செ.மீ. விட்டம், 60 முதல் 75 செ.மீ. ஆழம்.

பொருத்தும் முறை

குழியில் சேறு, சிமென்ட் துண்டு, கட்டடக் குப்பை எல்லாவற்றையும் அள்ளி எடுங்கள். துளையிட்ட பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி, வெளிச்சுற்றில் வடிகட்டித் துணியும் ஜல்லியும் போடுங்கள், மண் உள்ளே வராது. பம்ப்பை நேராக அடியில் வைக்காமல் ஒரு தட்டையான கான்கிரீட் பலகையின் மேல், மட்டம் பார்த்து வையுங்கள். வெறும் ஜல்லி மேல் வைத்தால் அதையே உறிஞ்சிக்கொள்ளும்.

பம்ப்பின் வாயிலிருந்து பிவிசி பைப்பை மேலே ஏற்றி, தரைக்கு மேலே கை எட்டும் இடத்தில் செக் வால்வைப் போடுங்கள். அதன் மேலிருக்கும் அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்க வேண்டும். சொன்னால் சிரிப்பு வரும், தலைகீழாக மாட்டியவர்கள் நிறைய உண்டு. இந்த வால்வு இல்லாவிட்டால் பம்ப் நிற்கும் ஒவ்வொரு தடவையும் பைப்பில் நிற்கும் தண்ணீர் முழுவதும் குழிக்குத் திரும்பும், 38 மி.மீ. பைப்பில் மீட்டருக்கு ஒரு லிட்டருக்கும் மேலே. தள்ளிய தண்ணீரையே திரும்பத் தள்ள வேண்டியதுதான். வால்வைக் கழற்றி மாட்டக்கூடிய ரப்பர் கப்ளரோ யூனியனோ வைத்து மாட்டுங்கள். சொல்யூஷன் போட்டு ஒட்டிவிட்டால், பம்ப் மாற்றும் நாளில் ரம்பம் தேட வேண்டி வரும்.

அப்புறம் காற்றுத் துளை. செக் வால்வுக்குக் கீழே, பம்ப்புக்கு மேலே, குழிக்குள் இருக்கும் பைப் பகுதியில் 3 மி.மீ. அளவில் ஒரு துளை, பீய்ச்சும் தண்ணீர் கீழ்நோக்கிப் போகும்படி சாய்வாக. பம்ப்பிலேயே இந்தத் துளை இருந்தால் தேவையில்லை, கையேட்டில் போட்டிருப்பார்கள். இது இல்லாவிட்டால் வால்வுக்கும் இம்பெல்லருக்கும் நடுவில் காற்று சிக்கி, மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. ஓடும்போது அந்தத் துளையிலிருந்து மெலிதாகத் தண்ணீர் பீய்ச்சும், கசிவு என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள்.

வெளியே போகும் பைப் வீட்டிலிருந்து குறைந்தது 3 மீட்டர், முடிந்தால் 6 மீட்டர் தள்ளி, சரிவில் கொட்ட வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரை நோக்கி அல்ல. கழிவுநீர்ச் சாக்கடையில் இணைப்பது பல ஊர்களில் சட்டப்படி தடை, செப்டிக் டேங்கில் விட்டால் டேங்க் நிரம்பி வேறு வகையில் பழிவாங்கும். குளிரில் உறையும் இடமென்றால் வெளிப்பைப்பில் தண்ணீர் தேங்காமல் சரிவு கொடுங்கள், முனை உறைந்தாலும் தண்ணீர் வழிந்து வெளியேற சுவரை ஒட்டி ஒரு திறப்பும் வேண்டும்.

கடைசியில் மூடி. குழந்தைகளும் பொருள்களும் விழாது, ஈரக்காற்று வராது. மண்ணிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு வரும் பகுதிகளில் காற்றுப்புகாத மூடி கட்டாயம்.

மின்சாரம்

பம்ப்புக்குத் தனி சர்க்யூட். வெள்ளம் வந்தாலும் நனையாத உயரத்தில் பிளக் பாயின்ட். எர்த் கண்டிப்பாக. மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் பிரேக்கர் இருக்கட்டும், உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதன்படி. எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம். இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். தரையில் தண்ணீர் நிற்கும்போது மெயினை அணைக்காமல் பேஸ்மென்ட்டில் கால் வைக்காதீர்கள். மெயின் சுவிட்சே கீழேதான் இருக்கிறது என்றால் மின்வாரியத்தை அழைத்து வெளியிலேயே துண்டிக்கச் சொல்லுங்கள்.

பெருமழையில்தான் கரண்ட் போகும்

அதனால் மாற்று ஏற்பாடு இல்லாத சம்ப் பம்ப் பாதி பம்ப். 500 வாட் பம்ப், மோசமான மழையில் கால்வாசி நேரம் ஓடுகிறது என்றால் சராசரி 125 வாட். 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் இருப்பது 1800 வாட்-அவர், பேட்டரி கெடாமல் எடுக்கக்கூடியது அதில் பாதி, இன்வெர்ட்டரில் போகும் இழப்பையும் கழித்தால் 750 தேறும். ஆறு மணி நேரம். இரவைத் தாண்ட வேண்டுமென்றால் இரண்டு பேட்டரி. மோட்டார் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் மூன்று முதல் ஐந்து மடங்கு வரை மின்சாரம் இழுக்கும், அதைத் தாங்கும் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும்.

12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் தனி பேக்கப் பம்ப்பை, முதல் பம்ப்பின் மிதவையைவிடக் கொஞ்சம் மேலே மிதவை வைத்து மாட்டுவது இன்னும் நல்ல வழி. மெயின் பம்ப் கெட்டாலும் அது வேலை செய்யும், இன்வெர்ட்டர் அதற்கு உதவாது. இரண்டில் எது இருந்தாலும் நீர்மட்டம் எல்லை தாண்டினால் கத்தும் அலாரம் ஒன்று இருக்கட்டும். பிரேக்கர் டிரிப் ஆகி நின்ற பம்ப் உங்களிடம் வந்து சொல்லாது.

பராமரிப்பும் நோய் அறிகுறிகளும்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை குழியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, மிதவை எழும்புகிறதா, பம்ப் ஓடி நிற்கிறதா, வெளியே பைப் முனையில் தண்ணீர் வருகிறதா என்று மூன்றையும் பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை, மழைக்காலத்துக்கு முன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு பம்ப்பை வெளியே எடுத்துக் கழுவுங்கள். இரும்புச்சத்துள்ள தண்ணீரில் ஆரஞ்சு நிறக் கொழகொழப்பு படியும், அது ஒரு வகை பாக்டீரியா. குழாய்த் துளைகளை மெல்ல மெல்ல அடைத்துவிடும், அங்கே வருடத்துக்கு இரண்டு தடவை கழுவ வேண்டியிருக்கும். ஏழிலிருந்து பத்து வருடம் ஓடினால் நல்ல பம்ப். அதற்கு மேல் ஓடுகிறதே என்று சும்மா இருக்காமல், காய்ந்த காலத்தில் மாற்றிவிடுங்கள்.

மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை: காற்று அடைப்பு, இம்பெல்லரில் கல், அல்லது திரும்பிய செக் வால்வு. நின்றவுடனே பைப்பில் சலசலவென்று தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டு, கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடுகிறது: செக் வால்வு தேய்ந்துவிட்டது. மழை நின்று இரண்டு நாளாகியும் ஓடிக்கொண்டே இருக்கிறது: மிதவை மாட்டியிருக்கலாம், வெளியே விட்ட தண்ணீர் சுற்றி மறுபடி குழிக்கே வரலாம், அல்லது பக்கத்தில் குடிநீர்ப் பைப் உடைந்திருக்கலாம், மீட்டரைப் பாருங்கள். நிற்கும்போது தடார் என்று சத்தம்: வால்வு கதவு அறைகிறது, ஸ்பிரிங் வைத்த வால்வு மாற்றினால் அடங்கும்.

எல்லாம் கைமீறி பேஸ்மென்ட் நிரம்பிவிட்டால் மட்டும் ஒரு எச்சரிக்கை. வெளியே மண் நீரில் ஊறிக் கிடக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீரை ஒரேயடியாக இறைத்துவிட்டால், வெளி அழுத்தத்துக்கு எதிராகத் தாங்கிக்கொண்டிருந்தது அந்தத் தண்ணீர்தான் என்பதால் சுவர் உள்நோக்கிச் சாயலாம், தரை வெடித்து மேலே எழும்பலாம். வெளியே வெள்ளம் வடிந்த பிறகே ஆரம்பியுங்கள். ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்காமல், இறக்கிய மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு வைத்து, மறுநாள் காலையில் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள்.